சிதறிய வாக்கும் நகர மன்றமும்

நகர மன்றத் தேர்தலில் வாக்களிப்பவர் இரண்டு பலன்களை எதிர்பார்க்கிறார். தம் தெருவின் குடிநீருக்கும் சாக்கடைக்கும் விளக்குக்கும் பொறுப்பேற்கும் ஓர் உறுப்பினர் வேண்டும் என்பது ஒன்று. தாம் அளித்த வாக்கு வீண்போகாமல் மன்றத்தில் இடம்பெற வேண்டும் என்பது மற்றொன்று. இவ்விரண்டையும் ஒருங்கே தரும் தேர்தல் முறை உண்டா என்பதை இங்கு ஆராய்வோம்.

பெங்களூரில் வாழும் தமிழருக்கு இது வெறும் ஏட்டுக் கேள்வி அன்று. அல்சூர், சிவாஜிநகர் போன்ற பழைய பகுதிகளில் தமிழர் நெருங்கி வாழ்கின்றனர். பிற்காலத்தில் தொழில் தேடி வந்தோரோ நகரின் நான்கு எல்லைகளிலும் சிதறி இருக்கின்றனர். 2015 ஆகஸ்டில் நடந்த மாநகராட்சித் தேர்தலில் 198 வார்டுகள் இருந்தன. பாரதிய ஜனதா கட்சி 100, காங்கிரஸ் 76, மதச்சார்பற்ற ஜனதா தளம் 14, ஏனையோர் 8 என இடங்கள் அமைந்தன. வார்டில் முதலிடம் பெற்றவர் ஒரு வாக்கு மிகுதியாகப் பெற்றிருப்பினும் வெற்றி அவருக்கே. மற்றவர்களுக்கு விழுந்த வாக்குகள் அவ்வார்டின் எல்லையிலேயே முடிந்துவிடும். ஓரிடத்தில் திரண்டிருப்போருக்கு இம்முறை துணை செய்கிறது. சிதறி இருப்போர் மொழியால் ஒன்றுபட்டவர்களாயினும், வாடகைக் குடியிருப்போர், தெரு வியாபாரிகள் என்ற வகையில் ஒன்றுபட்டவர்களாயினும், அவர்கள் தொகை பெரிதாக இருந்தும் பலன் சிறிதாகிவிடுகிறது.

இக்குறையை நீக்க எழுந்ததே கலப்பு விகிதாசார முறை. ஜெர்மனியின் பாராளுமன்றத் தேர்தல்களால் உலகறிந்த இம்முறையை, நம் அண்டை நாடாகிய இலங்கை தன் உள்ளூராட்சி மன்றங்களுக்கு ஏற்றுக்கொண்டது. அதற்கு முன் அங்கு முழு விகிதாசார முறை வழங்கியது. 'இந்த வட்டாரத்துக்கு இவர் பொறுப்பு' என்று சுட்டிக்காட்ட ஆளில்லை. விருப்பு வாக்குக்காக ஒரே கட்சி வேட்பாளர்களே ஒருவரோடொருவர் மோதினர். ஆகவே 2012ஆம் ஆண்டுச் சட்டமும் 2017ஆம் ஆண்டுத் திருத்தமும் புதிய ஏற்பாட்டைக் கொணர்ந்தன. நூற்றுக்கு 60 இடங்கள் வட்டாரங்களுக்கு. எஞ்சிய 40 கட்சிப் பட்டியல்களுக்கு. ஜெர்மானிய வாக்காளருக்கு இரண்டு வாக்குகள். இலங்கை வாக்காளருக்கு ஒன்றே. அந்த ஒரே வாக்கு முதலில் வட்டார வெற்றியை முடிவு செய்யும். பின்னர் மன்றம் முழுவதிலும் கட்சியின் பங்கை அளக்கும்.

ஒரு கற்பனைக் கணக்கால் இதை விளக்கலாம். ஒரு மன்றத்தில் 10 இடங்கள்: வட்டாரம் 6, பட்டியல் 4. பதிவான வாக்குகள் 10,000. ஆகவே ஓர் இடத்தின் விலை 1,000 வாக்குகள். முதற்கட்சி 5,000 வாக்குகளும் 5 வட்டாரங்களும் பெறுகிறது. இரண்டாம் கட்சி 3,000 வாக்குகளும் 1 வட்டாரமும் பெறுகிறது. மூன்றாம் கட்சிக்கு 2,000 வாக்குகள் உண்டு. ஆனால் அவை எங்கும் சிதறியிருப்பதால் ஒரு வட்டாரமும் இல்லை. வாக்குப்படி இவற்றின் உரிமை முறையே 5, 3, 2 இடங்கள். முதற்கட்சி தன் பங்கை வட்டாரங்களிலேயே பெற்றுவிட்டது. பட்டியலில் அதற்கு ஏதுமில்லை. இரண்டாம் கட்சிக்கும் மூன்றாம் கட்சிக்கும் பட்டியலிலிருந்து இரண்டிரண்டு இடங்கள் கிடைக்கும். வட்டார முறை மட்டும் இருந்திருந்தால் மூன்றாம் கட்சியின் 2,000 வாக்காளருக்கும் மன்றத்தில் குரலே இராது. முதற்கட்சி ஆறு வட்டாரங்களையும் வென்றிருந்தால்? வென்ற இடத்தைப் பறிக்க இயலாது; மன்றத்தின் உறுப்பினர் தொகை 11 ஆக உயரும்.

2018 பெப்ருவரி 10ஆம் நாள் இம்முறைப்படி முதல் தேர்தல் நடந்தது. பெண்களுக்கு நான்கில் ஒரு பங்கு என்ற விதியும் உடன் சேர்ந்ததால், முன்பு நூற்றுக்கு இருவர் என்ற அளவில் இருந்த பெண் உறுப்பினர் தொகை ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டியது. ஆயினும் விலையின்றி எந்த நன்மையும் வாய்ப்பதில்லை. நாடெங்கும் ஏறத்தாழ 4,500 ஆக இருந்த உறுப்பினர் தொகை 8,000க்கு மேல் பெருகியது. பல மன்றங்களில் எக்கட்சிக்கும் பெரும்பான்மை இல்லை. யாழ்ப்பாண மாநகர சபையின் 45 இடங்களில் முதலிடம் பெற்ற தமிழரசுக் கட்சிக்குக் கிடைத்தவை 16. அடுத்த இரு கட்சிகளுக்கு 13, 10. 2025 மே 6ஆம் நாள் நடந்த தேர்தலிலும் கொழும்பின் 117 இடங்களில் தேசிய மக்கள் சக்திக்கு 48 இடங்களே கிடைத்தன. பிறர் ஆதரவை நாடாமல் மேயரைத் தேர்ந்தெடுக்க இயலாத நிலை. சிலர் இதைப் பேரம் என்பர். வேறு சிலர் கலந்து பேசும் பழக்கம் என்பர். இரண்டிலும் உண்மை உண்டு.

இம்முறையைப் பெங்களூருக்குக் கொண்டுவரலாமா? நகராட்சி மன்றத்தின் இடங்கள் அனைத்தும் வார்டுகளிலிருந்து நேரடித் தேர்தலால் நிரப்பப்பட வேண்டும் என்று நம் அரசியல் சட்டத்தின் 243-ஆர் பிரிவு விதிக்கிறது. அதைத் திருத்தாமல் பட்டியல் இடங்களுக்கு வழியில்லை. ஆயினும் விகிதாசாரம் நமக்கு முற்றிலும் அந்நியமன்று. ராஜ்ய சபையின் மாநில உறுப்பினர்களைச் சட்டசபை உறுப்பினர்கள் விகிதாசார முறையிலேயே தேர்ந்தெடுக்கின்றனர்.

இவ்விரு நகரங்களின் வரலாறும் மற்றோர் உண்மையையும் உணர்த்துகிறது. இலங்கையில் 2023 மார்ச்சில் நடந்திருக்க வேண்டிய தேர்தல் ஈராண்டு தள்ளிப்போயிற்று. அத்தாமதம் குடிமக்களின் அடிப்படை உரிமையை மீறியது என்று அந்நாட்டு உயர் நீதிமன்றம் 2024 ஆகஸ்டில் தீர்ப்பளித்தது. பெங்களூர் மாநகராட்சி மன்றத்தின் காலம் 2020 செப்டம்பரில் முடிந்தது. ஐந்தாண்டு கழித்து, 2025 செப்டம்பரில், மாநகராட்சி ஐந்தாகப் பிரிக்கப்பட்ட நாளிலும் தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றம் இல்லை. எண்ணும் முறை எத்துணைச் சிறந்ததாயினும், எண்ணுவதற்கு வாக்கு வேண்டும். வாக்களிக்கத் தேர்தல் வேண்டும். வேற்று மாநிலத்தில் குடியேறியவர் தம் வார்டு எது, வாக்காளர் பட்டியலில் தம் பெயர் உண்டா என்று பார்த்துக்கொள்வது முதற் கடமை. தேர்தலை உரிய காலத்தில் கேட்டுப் பெறுவது அடுத்த கடமை. வாக்கை எவ்வாறு எண்ணுவது என்னும் விவாதம் அதன்பின்னரே பயன் தரும்.