ரூபாயை நாளால் வகுத்த பிறகே ரீசார்ஜ்

ப்ரீபெய்ட் பிளானின் விலையில் இரண்டு எண்கள் இருக்கின்றன. ஒன்று ரூபாய், மற்றொன்று நாள். ரீசார்ஜ் கடைப் பலகையில் ரூபாய் பெரிய எழுத்தில் நிற்கும். நாள் அதன் கீழே சிறிய எழுத்தில் ஒதுங்கியிருக்கும். வாசகர் கடிதங்களில் வரும் குழப்பங்களில் பெரும்பாலானவை இந்தச் சிறிய எழுத்திலிருந்துதான் கிளம்புகின்றன. ஆண்டு முழுமைக்கும் சேர்த்துப் பணம் கட்டியும் பிளான் ஒரு மாதம் முந்தி முடிந்துவிட்டது ஏன் என்பது ஒரு கேள்வி. ரீசார்ஜ் தேதி ஏன் ஒரே இடத்தில் நிற்பதில்லை என்பது இன்னொன்று. இரண்டுக்கும் விடை ஒன்றே.

28 என்ற மாதம்

தொலைபேசி நிறுவனங்கள் பேசும் "மாதம்" பெரும்பாலும் 28 நாள். 365-ஐ 28-ஆல் வகுத்தால் 13 வருகிறது. ஆண்டுக்கு 12 சம்பளம் வாங்குபவர் 13 முறை ரீசார்ஜ் செய்கிறார்.

தேதி நகர்வதும் இதனால்தான். ஜனவரி 1-இல் ரீசார்ஜ் செய்தால் அடுத்தது ஜனவரி 29. பிறகு பிப்ரவரி 26, மார்ச் 26, ஏப்ரல் 23, மே 21, ஜூன் 18 என்று அது பின்னோக்கி நகர்ந்துகொண்டே போகும். பெங்களூரில் ஈஜிபுராவிலிருந்து கோரமங்கலா வீடுகளுக்கு வேலைக்குப் போகும் பெண்களுக்குக் கையில் பணம் வருவது மாதத்தின் முதல் வாரத்தில். இந்தக் கணக்கில் ரீசார்ஜ் தேதி மறுபடியும் முதல் வாரத்துக்கு வந்து சேர்வது நவம்பர் 5-இல். இடைப்பட்ட மாதங்களில் அது கை வறண்ட நாட்களில் வந்து நிற்கிறது. அப்போது மலிவாகத் தெரியும் குறுகிய பிளானை எடுப்பது இயல்பு. அதன் நாள் விலை கூடுதலாக இருப்பதும் வழக்கம்.

நுகர்வோர் புகார்களுக்குப் பிறகு, ட்ராய் எனப்படும் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் 2022 ஜனவரியில் ஓர் ஆணை பிறப்பித்தது. ஒவ்வொரு நிறுவனமும் ஒவ்வொரு ரீசார்ஜ் வகையிலும் குறைந்தது ஒரு பிளானை 30 நாளுக்கும், ஒன்றை மாதந்தோறும் அதே தேதியில் புதுப்பிக்கும்படியும் தரவேண்டும் என்றது. பிரச்சினை தீர்ந்ததாக அப்போது பேசப்பட்டது. தீரவில்லை. "குறைந்தது ஒன்று" என்றால் அது எந்த ஒன்று என்பதை நிறுவனமே முடிவு செய்கிறது. மற்ற பிளான்கள் 28 நாளிலேயே தொடரலாம், தொடர்கின்றன.

இருந்தாலும் அந்த ஒன்றைத் தேடி எடுப்பதில் பலன் உண்டு. 2024 ஜூலை விலை உயர்வுக்குப் பின் ஜியோவில் தினம் 1.5 ஜிபி தரும் 28 நாள் பிளான் 299 ரூபாய். அதே அளவு டேட்டாவுடன் அதே தேதியில் புதுப்பிக்கும் பிளான் 319 ரூபாய். முன்னது 13 முறைக்கு 3,887 ரூபாய். பின்னது 12 முறைக்கு 3,828 ரூபாய். 20 ரூபாய் அதிகம் என்று தோன்றும் பிளானில் ஆண்டுக்கு 59 ரூபாய் மிச்சமாகிறது, தேதியும் சம்பளத்தோடு ஒட்டி நிற்கிறது.

336 என்ற ஆண்டு

28-இன் குடும்பம் பெரியது. 56 என்பது இரண்டு 28. "மூன்று மாதம்" எனப்படும் 84 மூன்று 28. "ஆண்டு பிளான்" என்று பலர் நம்பி எடுக்கும் 336 பன்னிரண்டு 28. உண்மையான ஆண்டுக்கு அதில் 29 நாள் குறைவு.

இந்த 29 நாள் எப்படி வேலை செய்கிறது என்பதை 2025 ஜனவரி தெளிவாகக் காட்டியது. பட்டன் போன் வைத்திருப்பவர்களும் முதியவர்களும் தேவையில்லாத டேட்டாவுக்குப் பணம் கட்டுகிறார்கள் என்பதால், பேச்சும் எஸ்எம்எஸ்ஸும் மட்டும் கொண்ட பிளானை எல்லா நிறுவனங்களும் தரவேண்டும் என்று ட்ராய் 2024 டிசம்பர் 23-இல் விதி கொண்டுவந்தது. அடுத்த மாதமே அத்தகைய பிளான்கள் வந்தன. ஜியோ 365 நாளுக்கு 1,958 ரூபாய் என்றும், ஏர்டெல் 365 நாளுக்கு 1,959 ரூபாய் என்றும் அறிவித்தன. விலைகளை ஆராயப்போவதாக ட்ராய் சொன்னதும், சில நாட்களில் இரண்டும் குறைந்தன. ஏர்டெல் 1,849 ரூபாய் ஆனது. நாள் 365 ஆகவே இருந்தது. ஜியோ 1,748 ரூபாய் ஆனது. நாள் 336 ஆகிவிட்டது.

1,958-லிருந்து 1,748 என்றால் 210 ரூபாய் குறைப்பு. ஆனால் பழைய விலையிலேயே 336 நாளுக்கு மட்டும் கணக்கிட்டால் 1,802 ரூபாய்தான் வரும். ஆகவே விலையில் உண்மையில் குறைந்தது சுமார் 54 ரூபாய். மீதி 156 ரூபாய், எடுக்கப்பட்ட 29 நாளின் விலை.

இரண்டு நிறுவனங்களையும் பக்கத்தில் வைத்தால் இது இன்னும் துலங்கும். பலகையில் ஜியோ பிளான் 101 ரூபாய் மலிவு. நாளால் வகுத்தால் ஜியோ நாளுக்கு 5.20 ரூபாய், ஏர்டெல் 5.07 ரூபாய். 365 நாளுக்கு நீட்டினால் ஜியோவின் செலவு 1,899 ரூபாய். அதாவது 50 ரூபாய் அதிகம். இதில் சட்டமீறல் எதுவும் இல்லை. நாள் எண்ணிக்கை விளம்பரத்திலேயே அச்சாகியிருக்கிறது. மனிதர்கள் ரூபாயை ஒப்பிடுவார்கள், நாளை ஒப்பிட மாட்டார்கள் என்ற கணிப்பின் மேல் இந்த விலை நிற்கிறது. வீட்டு வாடகையும் பள்ளிக் கட்டணமும் நாட்காட்டி மாதத்தில் நடக்கும்போது, இன்றியமையாத ஒரு சேவை மட்டும் வேறொரு நாட்காட்டியில் ஓடுவதால் வரும் சுமை, கணக்குப் பார்க்க நேரமில்லாதவர்கள் மேல்தான் அதிகம் விழுகிறது.

ரீசார்ஜுக்கு முன் செய்ய வேண்டியது ஒன்றுதான்: ரூபாயை நாளால் வகுத்து 365-ஆல் பெருக்குவது. விலைகள் மாறினாலும் இந்தக் கணக்கு மாறாது.

"அன்லிமிடெட்" என்பதன் பொருள்

பேச்சுக்கு இந்தச் சொல் ஏறக்குறைய பொருந்தும். டேட்டாவுக்குப் பொருந்தாது. தினம் 1.5 ஜிபி என்றால் அது தீர்ந்ததும் வேகம் 64 கேபிபிஎஸ் அளவுக்கு இறங்கிவிடும், வீடியோ ஓடாது. பயன்படுத்தாத மிச்சம் பெரும்பாலும் நள்ளிரவோடு போய்விடும். வார நாட்களில் கொஞ்சமும் ஞாயிறன்று நிறையவும் பார்ப்பவர், வாரம் முழுக்க மிச்சத்தை இழந்துவிட்டு ஞாயிறன்று கூடுதல் டேட்டா வாங்குகிறார். அவருக்குத் தினக் கணக்கை விட மொத்தக் கணக்கில் டேட்டா தரும் பிளான் பொருத்தம்.

"அன்லிமிடெட் 5ஜி"க்கும் நிபந்தனை உண்டு. 2024 ஜூலை முதல் ஜியோவும் ஏர்டெல்லும் அதைத் தினம் 2 ஜிபி அல்லது அதற்கு மேல் உள்ள பிளான்களோடு இணைத்தன. 5ஜி போன் வாங்கி 1.5 ஜிபி பிளான் போடுபவருக்கு அது பிளானோடு சேர்ந்து கிடைக்காது.

யாருக்கு எந்தப் போன்

போனை முடிவு செய்த பிறகு சிம்மைத் தேடுவது வழக்கம். ஆனால் வீட்டுக்குள் எந்த நிறுவனத்தின் சிக்னல் எடுக்கிறது என்று முதலில் பார்ப்பது நல்லது. ஈஜிபுராவில் சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகள் நிறைந்த குறுகலான தெருக்கள் உண்டு; அங்கே உள்ளறைக்கு சிக்னல் எட்டாமல் போகலாம். நிறுவனங்கள் கவரேஜ் வரைபடம் வெளியிட வேண்டும் என்பது 2024 விதி. ஆனால் வரைபடத்தில் தெரு தெரியுமே தவிர, தரைத்தளத்துப் பின்னறை தெரியாது. பக்கத்து வீட்டுக்காரரின் போனை அந்த அறையில் வைத்துப் பார்ப்பதே நம்பகமான சோதனை.

பேச மட்டும் போன் வேண்டிய பெரியவருக்குப் பட்டன் போனும் பேச்சு மட்டும் உள்ள பிளானும் போதும். ஜியோவில் 2ஜி இல்லாததால் பழைய பட்டன் போனில் அந்த சிம் வேலை செய்யாது. 4ஜி பட்டன் போன் தேவை. டெலிவரி ஓட்டுபவருக்கு முக்கியம் பேட்டரியும் வெயிலில் தெரியும் திரையும். வழி காட்டும் செயலிக்கு டேட்டா அதிகம் ஆவதில்லை. வீடியோ வகுப்பு பார்க்கும் மாணவருக்குத்தான் தினம் 2 ஜிபியும் 5ஜியும் பயன்படும்.

மற்ற கேள்விகள்

ரீசார்ஜ் செய்யாவிட்டால் எண் உடனே போய்விடுமா? இல்லை, 90 நாள் பயன்பாடே இல்லாத எண்ணைத்தான் நீக்கலாம், அப்போதும் கணக்கில் 20 ரூபாய் இருந்தால் அதைக் கழித்துக்கொண்டு 30 நாள் நீட்டிக்க வேண்டும். ஆனால் எண் உயிரோடு இருந்தாலும் வேலிடிட்டி இல்லாமல் பேச முடியாது.

தமிழ்நாட்டு எண்ணைப் பெங்களூரில் வைத்துக்கொள்ளலாமா? வைத்துக்கொள்ளலாம், அன்லிமிடெட் பிளான்களில் உள்நாட்டு ரோமிங்குக்குத் தனிக் கட்டணம் இல்லை.

அதே எண்ணோடு நிறுவனம் மாற எவ்வளவு நாள்? 1900-க்கு எஸ்எம்எஸ் அனுப்பிக் குறியீடு பெற்றால், ஒரே தொலைத்தொடர்பு வட்டத்துக்குள் 3 வேலை நாள், வேறு வட்டத்துக்கு 5 வேலை நாள். இப்போதைய நிறுவனத்தில் 90 நாள் ஆகியிருக்க வேண்டும்.

போஸ்ட்பெய்ட் மலிவா? அறிவித்த விலையோடு 18 சதவீத ஜிஎஸ்டியைச் சேர்த்த பிறகே ஒப்பிட வேண்டும். ப்ரீபெய்ட் விலையில் வரி ஏற்கெனவே அடக்கம்.

பழைய போன் வாங்கலாமா? *#06# அழுத்தி வரும் ஐஎம்இஐ எண்ணை சஞ்சார் சாத்தி தளத்தில் சரிபார்த்த பிறகு வாங்கலாம்.

புகார் எங்கே? முதலில் நிறுவனத்தின் 198, பிறகு அதே நிறுவனத்தின் மேல்முறையீட்டுப் பிரிவு. தனிநபர் புகார்களை ட்ராய் விசாரிப்பதில்லை.