பால் குடிக்கும்போது வியர்க்கும் குழந்தை
பிறவி இதயக் கோளாறை வீட்டிலேயே சந்தேகிப்பது எப்படி?

"பிள்ளைக்குப் பால் பத்தவில்லை", "கண்ணூறு பட்டிருக்கிறது", "இது சோம்பேறிப் பிள்ளை". முலையை வாயில் வைத்த இரண்டு நிமிடத்தில் களைத்துத் தூங்கிவிடும் குழந்தையைப் பற்றி நமது லயங்களில் இப்படித்தான் பேசிக்கொள்வோம். பல நேரங்களில் அது சாதாரண விடயமாகவே இருக்கலாம். ஆனால் சில குழந்தைகளுக்கு அது இதயத்திலிருந்து வரும் அறிகுறி. அதைக் கண்டுபிடிக்கக்கூடிய முதல் ஆள் டாக்டர் அல்ல, தாய்தான்.

உலகில் ஆயிரம் குழந்தைகள் பிறந்தால் அவர்களில் எட்டு, ஒன்பது பேருக்கு இதயத்தில் ஏதாவது ஒரு பிறவிக் குறை இருக்கிறது. பெரும்பாலானவை சிகிச்சையால் சரிசெய்யக் கூடியவை. சில தானாகவே சரியாகிவிடும். காலம் தவறிக் கண்டுபிடிப்பதுதான் ஆபத்து.

சுவரில் ஓட்டை

இதயத்தில் நான்கு அறைகள் உள்ளன. லயத்தில் அடுத்தடுத்த காம்பராக்களுக்கு நடுவே பொதுச் சுவர் இருப்பதுபோல, இதயத்தின் வலப்பக்கத்துக்கும் இடப்பக்கத்துக்கும் நடுவே ஒரு சுவர் இருக்கிறது. கரு உருவாகும் முதல் இரண்டு மாதத்துக்குள் இந்தச் சுவர் எழும்பிவிட வேண்டும். முழுதாக எழும்பாவிட்டால் ஓட்டை விழும். கீழ் அறைகளுக்கு நடுவே விழும் ஓட்டைதான் அதிகம் காணப்படுவது.

இது மனிதருக்கு மட்டும் உரியதல்ல. குதிரைக் குட்டிகளிலும் இதே ஓட்டைதான் அதிகம். மிருக வைத்தியரும் நெஞ்சின் இரு பக்கமும் குழாய் வைத்து இரைச்சலைக் கேட்டு, பிறகு ஸ்கேன் செய்துதான் உறுதிப்படுத்துகிறார். குதிரைக் குட்டி பிறந்த ஓரிரு மணித்தியாலத்திலேயே எழுந்து நின்றுவிடும். தாயின் பின்னால் ஓடும்போது இளைத்தால், குறை வெளியே தெரியவரும். நம் குழந்தை ஓடுவதில்லை. அதற்குப் பால் குடிப்பதுதான் ஓட்டம். உடல் பலத்தையெல்லாம் கூட்டிச் செய்யும் வேலை அதுதான். அதனால்தான் பால் குடிக்கும் நேரத்தைக் கவனிக்கச் சொல்கிறோம்.

தாய் பார்க்க வேண்டியவை

* பால் குடிக்கும்போது நெற்றியும் தலையும் வியர்ப்பது. விட்டு விட்டுக் குடிப்பது. பசி தீருமுன் களைத்துத் தூங்குவது.
* வேகமாக மூச்சு வாங்குவது. குழந்தை அமைதியாக இருக்கும்போது ஒரு முழு நிமிடம் எண்ணுங்கள். இரண்டு மாதத்துக்குக் குறைந்த சிசுவுக்கு 60, ஒரு வயது வரை 50, அதற்கு மேல் ஐந்து வயது வரை 40. இந்த எண்ணிக்கையோ அதற்கு மேலோ வந்தால் வைத்தியரிடம் காட்ட வேண்டும்.
* நிறை கூடாதது. கிளினிக் புத்தகத்தில் வளர்ச்சிக் கோடு படுத்துவிட்டால் காரணம் கேளுங்கள்.
* அடிக்கடி சளி, நெஞ்சு அடைப்பு, நிமோனியா என்று வருவது.
* நாக்கும் ஈறும் நீலமாவது. கருத்த பிள்ளைகளுக்குத் தோலைப் பார்த்துச் சொல்ல முடியாது. வாய்க்குள் பார்க்க வேண்டும்.
* நடக்கும் வயதுப் பிள்ளை விளையாடும்போது இடையில் குந்தி உட்கார்ந்து மூச்சு வாங்குவது.

நாக்கு நீலமானாலோ, மூச்சுத் திணறினாலோ, பால் குடிக்கவே முடியாமல் போனாலோ நாளைக்குப் பார்ப்போம் என்று இருக்கக் கூடாது. 1990க்கு அழைத்தால் இலவச அம்பியூலன்ஸ் வரும்.

"ஆஸ்பத்திரியில் நல்லாத்தானே இருந்தது?"

இந்தக் கேள்வியைக் கேட்காத தாய் இல்லை. பிறந்த புதிதில் நுரையீரலில் இரத்த அழுத்தம் கூடுதலாக இருக்கும். அதனால் பெரிய ஓட்டை இருந்தாலும் அதன் வழியே அதிக இரத்தம் பாயாது. இரைச்சலும் கேட்காமல் போகலாம். சில வாரங்களில் அழுத்தம் குறைந்ததும் இரத்தம் நுரையீரலுக்குள் பெருகத் தொடங்கும். ஒன்றிரண்டு மாதத்தில் குழந்தை இளைப்பது இதனால்தான். இரண்டாம் மாதத் தடுப்பூசிக்குப் போகும்போது, குழந்தை எப்படிப் பால் குடிக்கிறது என்பதை மருத்துவமாதுவிடம் நீங்களாகவே சொல்லுங்கள். பிரசவ லீவு முடிந்து மலைக்குப் போகும் தாய்மார், பிள்ளை மடுவத்தில் பார்த்துக்கொள்பவரிடமும் இந்த அறிகுறிகளைச் சொல்லி வையுங்கள்.

என்னென்ன சோதனை?

முதலில் வைத்தியர் குழாய் வைத்துக் கேட்பார். இரைச்சல் என்றதும் பயப்பட வேண்டாம். சுகமான பிள்ளைகள் பலருக்கும் அது கேட்கும். குழாய் வாயை விரலால் பாதி பொத்தினால் தண்ணீர் சத்தமாகச் சீறுவதுபோல, சின்ன ஓட்டையில்தான் சத்தம் பெரிதாக இருக்கும். ஆகவே சத்தத்தை வைத்து ஆபத்தை அளக்க முடியாது.

கையிலும் காலிலும் சிறு கருவியை மாட்டி இரத்தத்தில் ஒட்சிசன் எவ்வளவு என்று பார்ப்பார்கள். தேவையானால் எக்ஸ்றே, ஈசிஜி எடுப்பார்கள். முடிவைச் சொல்வது 'எக்கோ' ஸ்கேன். ஊசி இல்லை, வலி இல்லை, கதிர்வீச்சும் இல்லை.

யட்டியாந்தோட்டைப் பக்கத்தில் உள்ளவர்கள் கரவனல்லை வைத்தியசாலையில் காட்டலாம். அங்கிருந்து தேவைக்கேற்பக் கேகாலைக்கோ, கொழும்பு பொரளையில் உள்ள சீமாட்டி றிட்ஜ்வே சிறுவர் வைத்தியசாலைக்கோ அனுப்புவார்கள். அரசாங்க வைத்தியசாலையில் சிகிச்சை இலவசம். இருந்தும் கொழும்புக்குப் போய்வர பஸ் காசு வேண்டும், இரண்டு பேரின் பேர் போகும். அதற்காக ஒரு கிளினிக்கைத் தவறவிட்டால், சத்திரசிகிச்சைக்கு உகந்த காலமே கடந்துவிடலாம். பெரிய ஓட்டையை ஆண்டுக்கணக்கில் விட்டுவைத்தால் நுரையீரல் இரத்தக் குழாய்கள் கெட்டுப்போகும். பிறகு ஓட்டையை அடைக்கவும் முடியாது. பண உதவிக்கு ஜனாதிபதி நிதியத்திடம் விண்ணப்பிக்கலாம். பிரதேச செயலகத்தில் விசாரியுங்கள். துண்டுகள், எக்கோ அறிக்கை எல்லாவற்றையும் ஒரே பொலித்தீன் உறையில் போட்டு, ஒவ்வொரு முறையும் கொண்டு போங்கள்.

காது கேளாத பெண் டாக்டர்

நீலக் குழந்தைகளுக்கு வழி காட்டியவர் ஹெலன் டௌசிக் என்ற அமெரிக்கப் பெண் டாக்டர். 1898இல் பிறந்த அவருக்கு இளம் வயதிலேயே காது மந்தமாகிவிட்டது. குழந்தைகளின் நெஞ்சில் விரல்களை வைத்துத் துடிப்பை உணர்ந்தார். நுரையீரலுக்குப் போகும் இரத்தத்தைக் கூட்டினால் இவர்கள் பிழைப்பார்கள் என்று எண்ணினார். அல்ஃபிரட் பிளலொக் என்ற சத்திரசிகிச்சை நிபுணரும் அவரது உதவியாளர் விவியன் தோமசும் அதற்கு வழி கண்டார்கள். 1944 நவம்பரில் ஒரு பெண் குழந்தைக்கு அந்தச் சத்திரசிகிச்சை முதன்முதலாகச் செய்யப்பட்டது.

தாய் மேல் பழி போடாதீர்கள்

"கிரகணத்தில் வெளியே போனாள்", "இவள் ராசி" என்று மருமகளைக் குற்றம் சொல்வதில் அர்த்தமே இல்லை. பெரும்பாலான குழந்தைகளில் காரணம் இன்னதென்று காட்ட முடிவதில்லை. ஆனாலும் நாம் செய்யக்கூடியவை உண்டு. கருத்தரிக்கத் திட்டமிடும்போதே போலிக் அமில மாத்திரை எடுங்கள். நீரிழிவு இருந்தால் கட்டுப்படுத்துங்கள். வைத்தியரைக் கேட்காமல் எந்த மருந்தும் வேண்டாம், மதுவும் வேண்டாம். ருபெல்லா தடுப்பூசி போட்டதா என்று பாருங்கள். கர்ப்பத்தின் தொடக்கத்தில் வரும் ருபெல்லா குழந்தையின் இதயத்தைக் கெடுக்கும். 1996இல் நமது நாட்டில் பெண்களுக்கு இந்த ஊசி போடத் தொடங்கினார்கள். 2020இல் இலங்கை ருபெல்லாவை ஒழித்த நாடாக உறுதிப்படுத்தப்பட்டது. நெருங்கிய சொந்தத்தில் கல்யாணம் செய்தவர்கள் அதைக் கிளினிக்கில் மறைக்காமல் சொல்லுங்கள்.

சகோதரிகளே, உங்கள் பிள்ளை பால் குடிப்பதை உங்களைவிட நன்றாகப் பார்ப்பவர் யாருமில்லை. சந்தேகம் வந்தால் வாய்விட்டுச் சொல்லுங்கள். "ஒன்றுமில்லை" என்று டாக்டர் சொன்னால் நிம்மதி. ஏதாவது இருந்தால், நேரத்தோடு கண்டுபிடித்தவர் நீங்களாக இருப்பீர்கள்.