பனி நாட்டில் கோடைப் பூக்கள்

நம் நாட்டு உழவன் மழையைக் கொண்டு விதைக்கும் நாளை வகுப்பான். இங்கிலாந்து, ஜெர்மனி முதலிய குளிர்நாடுகளின் தோட்டக்காரன் உறைபனியைக் கொண்டே அந்நாளை வகுக்கின்றான்.

டியூலிப் முதலிய இளவேனிற் பூக்களின் கிழங்குகளை அங்கே இலையுதிர் காலத்திலேயே ஊன்றிவிடுவர். குளிரில் கிடந்தால்தான் அவை நன்கு பூக்கும். கோடையிற் பூக்கும் டேலியாவின் இயல்போ வேறு. அதன் தாயகம் மெக்சிகோ. உறைபனி படிந்தால் அதன் தளிரில் உள்ள நீர் பனிக்கட்டியாகி உயிரணுக்களைச் சிதைத்துவிடும். மாலையிற் பசுமையாய் நின்ற செடி காலையிற் கறுத்துத் துவண்டு கிடக்கும். ஏப்ரலில் நான்கு நாள் வெயில் அடித்ததும் அதனை நம்பி நட்டவர் அடையும் துன்பம் இது. ஜெர்மனியில் மே 11 முதல் 15 வரையுள்ள நாட்களைப் 'பனித் தூயவர் நாட்கள்' என்பர். இறுதி நாளாகிய தூய சோபியாவின் நாள் கழியுமுன் மென்செடிகளை வெளியே நடலாகாது என்பது அந்நாட்டார் வழக்கு.

கிழங்கு என்று நாம் ஒரு சொல்லால் வழங்குவனவும் ஒருதன்மையன அல்ல. லில்லியின் கிழங்கு வெங்காயம் போன்ற குமிழ். கிளாடியோலஸின் கிழங்கு சேனை போலத் திரண்ட தண்டு. டேலியாவின் கிழங்கு பருத்த வேர். அவ்வேரில் முளைக்கண் இல்லை. பழைய தண்டின் அடியிலேதான் உண்டு. ஆதலின் கண்ணோடு சேர்த்து அரிந்த துண்டே முளைக்கும். கண்ணற்ற துண்டு எத்துணைப் பெரிதாயினும் பயனில்லை.

கிளாடியோலஸை ஏப்ரலிலேயே ஊன்றலாம். 10 முதல் 15 சென்டிமீட்டர் ஆழத்தில் இட்டால் மேல்மண் முளையைக் காக்கும். முளை வெளிவருவதற்குள் பனியும் பெரும்பாலும் நீங்கிவிடும். எல்லாவற்றையும் ஒரே நாளில் நடாது, இரண்டு வாரத்திற்கு ஒருமுறை சில சிலவாக நட்டால் கோடை முழுதும் பூ கிடைக்கும். இக்கிழங்குகளுக்கு நீர் தேங்கும் நிலம் ஆகாது; அழுகிவிடும்.

இலையுதிர் காலத்து முதற்பனியில் டேலியாவின் இலைகள் கருகியதும் தண்டை அறுத்துக் கிழங்கை அகழ்ந்தெடுப்பர். தண்டின் உட்புழையில் நின்ற நீர் வடியுமாறு தலைகீழாக வைத்து உலர்த்தி, பனி புகாத அறையில் அடுத்த மே வரை காப்பர்.

நம் செங்காந்தளும் இங்கிலாந்தில் வளர்கின்றது. ஆனால் கண்ணாடி மனைக்குள். அதன் கிழங்கு கலப்பை வடிவினது, நச்சுடையது. அதனைக் கிடையாகப் படுக்கவைத்து மண்ணிட்டு மூடுவர். அதன் முளைநுனி எளிதில் ஒடியக்கூடியது. ஆதலின் கைக்குழந்தையை எடுப்பதுபோல் எடுத்து வைப்பர்.