முந்திரிக் கொட்டகைக்கும் நெல் அரவை ஆலைக்கும் ஏற்ற விளக்குகள்

கடலூர் மாவட்டத்தில் பண்ருட்டி, குறிஞ்சிப்பாடி, விருத்தாசலம் வட்டாரங்களில் முந்திரிக் கொட்டையை உடைத்துப் பருப்பெடுக்கும் தொழில் சிறு கொட்டகைகளிலும் வீட்டுத் திண்ணைகளிலும் நடைபெற்று வருகிறது. தெற்கே சிதம்பரம், காட்டுமன்னார்கோவில் பகுதிகளில் நெல் அரவை ஆலைகள் உள்ளன. விளைபொருளை அப்படியே விற்காமல் பக்குவப்படுத்தி விற்க முனையும் விவசாயிகள் இயந்திரத்திற்கும் கட்டடத்திற்கும் கடன் வாங்கிச் செலவு செய்கின்றனர். ஆனால் விளக்கு விஷயத்தில் மட்டும் கையில் கிடைத்த பல்பை உத்தரத்தில் மாட்டிவிடுவதோடு நின்றுவிடுகின்றனர். இதனால் பருப்பின் தரம் குறைகிறது, வேலை செய்வோரின் கண் கெடுகிறது, சில நேரங்களில் கையும் போய்விடுகிறது.

முந்திரிப் பருப்பின் விலை அதன் நிறத்தையும் முழுமையையும் பொறுத்தது. முழு வெள்ளைப் பருப்பில் டபிள்யூ 320 என்னும் தரம் ஒரு பவுண்டு எடைக்கு 300 முதல் 320 பருப்புகள் கொண்டது. டபிள்யூ 240 என்பது 220 முதல் 240 வரை. சூடு அதிகமாகி இலேசாகப் பழுப்பேறிய பருப்பு 'கருகல்' என்று தனியாகப் பிரிக்கப்பட்டுக் குறைந்த விலைக்குப் போகும். வெள்ளைக்கும் இலேசான பழுப்புக்கும் உள்ள வேறுபாடு மிகச் சிறியது. மங்கலான மஞ்சள் வெளிச்சத்தில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். கருகல் கலந்த வெள்ளைப் பருப்பை வியாபாரி பகல் வெளிச்சத்தில் கொட்டிப் பார்த்து மொத்தத்தையும் ஒரு படி கீழே தள்ளிவிடுகிறார். பழி பிரித்த பெண்கள் மேல் விழுகிறது, கூலியிலும் பிடிக்கப்படுகிறது. உண்மையில் குற்றம் அவர்கள் தலைக்கு மேல் தொங்கும் விளக்கினுடையது.

எவ்வளவு வெளிச்சம் வேண்டும்?

விளக்கு வெளியிடும் ஒளியின் மொத்த அளவை 'லூமென்' என்பர். வேலை செய்யும் மேடையின் மீது ஒரு சதுர மீட்டர் பரப்பில் ஒரு லூமென் விழுந்தால் அது ஒரு 'லக்ஸ்'. நடுப்பகல் வெயிலில் திறந்த வெளியில் சுமார் ஒரு லட்சம் லக்ஸ் இருக்கும். முழு நிலவில் அரை லக்ஸ் கூட இராது. கட்டடங்களின் உள் வெளிச்சம் பற்றிய இந்தியத் தர நிர்ணயம் ஐ.எஸ். 3646, பட்டறைகளில் முரட்டு வேலைக்கு 200 முதல் 500 லக்ஸ் வரையும், நடுத்தர வேலைக்கு 300 முதல் 750 வரையும், நுண்ணிய வேலைக்கு 500 முதல் 1,000 வரையும் பரிந்துரைக்கிறது. முந்திரி தரம் பிரிப்பதை நுண்ணிய வேலையாகவே கொள்ள வேண்டும். மூட்டை அடுக்கும் இடத்திற்கும் நடைபாதைக்கும் 100 லக்ஸ் போதுமானது.

வேலை செய்வோரின் வயதையும் கருத வேண்டும். அறுபது வயதானவரின் விழித்திரைக்குச் சென்று சேரும் ஒளி, இருபது வயதினருக்குச் சேருவதில் சுமார் மூன்றில் ஒரு பங்குதான். அனுபவம் மிக்க மூத்த பெண்களே தரம் பிரிக்க அமர்த்தப்படுவதால், முதலாளி இளைஞராக இருந்து 'எனக்கு நன்றாகத் தெரிகிறதே' என்று சொல்வதில் பொருளில்லை.

முதலில் சுண்ணாம்பு

விளக்கு வாங்கப் புறப்படும் முன் கொட்டகையின் சுவரைப் பார்ப்பது நலம். வெள்ளையடித்த சுவர் தன்மீது விழும் ஒளியில் 70 முதல் 80 சதவீதத்தைத் திருப்பி அனுப்புகிறது. கொட்டை வறுக்கும் புகை படிந்து கறுத்த சுவர் 10 முதல் 20 சதவீதத்திற்கு மேல் திருப்புவதில்லை. 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் 14 மாதங்களுக்கு ஒரு முறையேனும் வெள்ளையடிக்க வேண்டும் என்று வகுத்தது. வறுவல் நடைபெறும் கொட்டகைக்கு அது போதாது. ஆண்டுக்கு இரு முறை, குறிப்பாக ஐப்பசி மழைக்கு முன், அடித்துவிட வேண்டும்.

ஒரு கணக்கைப் பார்ப்போம். 30 அடி நீளம், 20 அடி அகலமுள்ள கொட்டகை சுமார் 56 சதுர மீட்டர். பொது வெளிச்சம் 100 லக்ஸ் வேண்டுமானால் தரையில் 5,600 லூமென் விழ வேண்டும். சுவரும் கூரையும் விழுங்குவதாலும், விளக்கின் மேல் தூசி படிவதாலும், கறுத்த கொட்டகையில் விளக்கு வெளியிடும் ஒளியில் ஏறத்தாழ 35 சதவீதமே பயன்படும் என்று வைத்துக்கொண்டால் 16,000 லூமென் தேவை. இதற்கு 20 வாட், 2,000 லூமென் கொண்ட எல்.இ.டி. குழல் விளக்குகள் எட்டு மாட்ட வேண்டும். வெள்ளையடித்து விளக்கையும் துடைத்து வந்தால் பயன் 48 சதவீதமாக உயரும். அப்போது ஆறு விளக்குகளே போதும். சுண்ணாம்பு இரண்டு விளக்குகளின் வேலையைச் செய்கிறது, மின் கட்டணமும் கேட்பதில்லை.

தரம் பிரிக்கத் தேவையான 500 லக்ஸைக் கொட்டகை முழுவதும் கொடுக்க முயன்றால் இதே வெள்ளையடித்த கொட்டகைக்கு 29 குழல் விளக்குகள் வேண்டியிருக்கும். இது வீண் செலவு. பொது வெளிச்சத்திற்கு ஆறு விளக்குகளை வைத்துக்கொண்டு, தரம் பிரிக்கும் எட்டடி மேடை ஒவ்வொன்றின் மீதும் இரண்டு குழல்களை நீளவாக்கில், மேடையிலிருந்து மூன்றடி உயரத்தில் தொங்கவிட்டால் மேடை நடுவில் 500 லக்ஸ் கிடைத்துவிடும். மூன்று மேடைகள் இருந்தாலும் மொத்தம் 12 விளக்குகளே ஆகும். ஒளி தூரத்தின் வர்க்கத்திற்கேற்பக் குறையும் பொருள். மேடையிலிருந்து 12 அடி உயரத்தில் உள்ள பல்பை ஆறடிக்கு இறக்கினால் நேர் கீழே விழும் வெளிச்சம் நான்கு மடங்காகும். தரையில் அமர்ந்து பிரிக்கும் வழக்கமுள்ள இடங்களில் நடப்பவர் தலையில் இடிக்கும் என்பதால் விளக்கை இறக்க முடிவதில்லை. முதுகு வலிக்காக மட்டுமன்றி இதற்காகவும் மேடை அமைத்துக்கொள்வது நல்லது.

தொங்கும் விளக்கிற்குத் தகர மறைப்பு அவசியம். வேலை செய்பவரின் கண்ணுக்கு விளக்கு நேராகத் தெரியக்கூடாது. மேடை மீது பளபளக்கும் எவர்சில்வர் தகடு இருந்தால் அதிலிருந்து எதிரொளி வந்து கண்ணைக் கூசச்செய்யும். பளபளப்பில்லாத சாம்பல் நிற விரிப்பில் வெள்ளைப் பருப்பும், ஒட்டியிருக்கும் தோலும், கருகலும் தனித்தனியாகத் தெரியும்.

நிறத்தைக் காட்டும் தன்மை

வெளிச்சம் போதுமான அளவில் இருந்தும் நிறம் சரியாகத் தெரியாமல் போகலாம். விளக்கொளி நிறங்களை எந்த அளவு உண்மையாகக் காட்டுகிறது என்பதற்கு 'நிறங்காட்டும் குறியீடு' என்னும் எண் உண்டு. உயர்ந்த அளவு 100. பழைய குண்டு பல்பு ஏறத்தாழ 100 பெறும், ஆயினும் அதன் ஒளி மஞ்சள் சார்ந்தது. மேலும் அது எடுத்துக்கொள்ளும் மின்சாரத்தில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் வெப்பமாகவே போகிறது. பாதரச ஆவி விளக்குக்கு 50 அளவில் இருக்கும். தெருக்களில் காணப்பட்ட மஞ்சள் நிற சோடியம் ஆவி விளக்குக்கு 20, 25தான். சோடியம் விளக்கைக் களத்திற்குப் போடலாம். ஆனால் அதன் கீழ் அரிசியில் பழுப்பையும் கறுப்பையும் பொறுக்கச் சொல்வது வீண் வேலை.

இன்று கடைகளில் கிடைக்கும் எல்.இ.டி. விளக்குகளில் இந்த எண் 70 முதல் 95 வரை வேறுபடுகிறது. பெட்டியில் 'சி.ஆர்.ஐ.' என்று அச்சிடப்பட்டிருக்கும். நடைபாதைக்கு எதுவானாலும் சரி. தரம் பிரிக்கும் மேடைக்கு 80-க்குக் குறையாததும், கூடுமானால் 90 உள்ளதும் வாங்க வேண்டும். ஒளியின் நிறத்தைக் கெல்வின் எண்ணால் குறிப்பர். 2,700 என்றால் மஞ்சள், 4,000 நடுத்தரம், 6,500 பகலொளி போன்ற வெண்மை. பருப்புக்கும் அரிசிக்கும் 5,000 முதல் 6,500 வரை ஏற்றது.

எண்களை நம்பாதவர்கள் ஓர் எளிய சோதனை செய்து பார்க்கலாம். காலை வெளிச்சத்தில் வாசலில் வைத்து 50 வெள்ளைப் பருப்புகளையும் 50 கருகல் பருப்புகளையும் பிரித்தெடுத்து நன்கு கலக்கவும். அவற்றைப் புதிய விளக்கின் கீழ் பிரிக்கச்செய்து, மீண்டும் வாசலுக்குக் கொண்டுவந்து எத்தனை மாறியுள்ளன என்று எண்ணவும். ஒரு விளக்கை வாங்கிச் சோதித்த பிறகே மற்றவற்றை வாங்குவது புத்திசாலித்தனம்.

சுழலும் சக்கரம் நிற்பது போல் தோன்றுதல்

அரவை ஆலைகளில் கவனிக்க வேண்டிய முக்கியமான அபாயம் இது. நமது மின்சாரம் நொடிக்கு 50 சுழற்சி கொண்டது. சாதாரண சோக் வைத்த டியூப் லைட் அதனால் நொடிக்கு 100 முறை மங்கி ஒளிர்கிறது. கண்ணுக்கு இது தெரிவதில்லை. ஆனால் நான்கு ஆரங்கள் கொண்ட சக்கரம் நிமிடத்திற்கு 1,500 சுற்று சுழன்றால், ஒரு மின்னலுக்கும் அடுத்ததற்கும் இடையில் சரியாகக் கால் சுற்றுச் சுற்றும். ஓர் ஆரம் இருந்த இடத்தில் அடுத்த ஆரம் வந்து நிற்பதால் சக்கரம் அசையாமல் இருப்பது போல் தோன்றும். மோட்டார்கள் வழக்கமாக ஓடும் 1,440 சுற்றில் அதே சக்கரம் நொடிக்கு ஒரு சுற்று வீதம் பின்னோக்கி மெதுவாக நகர்வது போலத் தெரியும். பெல்ட் கழன்றுவிட்டது என்று நினைத்துக் கையை நீட்டுபவருக்கு என்ன நேரும் என்று சொல்லத் தேவையில்லை. ஆலைச் சத்தத்தில் ஒலியைக் கொண்டு அறியவும் முடியாது.

எல்.இ.டி. வாங்கிவிட்டால் இந்தத் தொல்லை தீர்ந்தது என்று பலர் எண்ணுகின்றனர். அது முழு உண்மையன்று. உள்ளே நல்ல டிரைவர் இல்லாத மலிவு விளக்குகளும் நொடிக்கு 100 முறை மினுங்குகின்றன. செல்போன் காமிராவை விளக்கிற்கு நேரே பிடித்தால் திரையில் கறுப்புப் பட்டைகள் ஓடுவது பெரும்பாலும் தெரிந்துவிடும். அத்தகைய விளக்கை இயந்திரத்தின் அருகில் போடக்கூடாது. மூன்று பேஸ் இணைப்பு உள்ள ஆலைகளில் அடுத்தடுத்த விளக்குகளை வெவ்வேறு பேஸில் இணைத்தால் ஒன்று மங்கும்போது மற்றொன்று ஒளிரும். இதற்கு எலக்ட்ரீஷியனிடம் சொன்னால் போதும், தனிச் செலவில்லை. புல்லிக்கும் பெல்ட்டுக்கும் கம்பி வலைக் காப்பு போடுவதற்கு இவை எதுவும் மாற்றாகாது.

பகல் வெளிச்சம்

தகரம் அல்லது கல்நார்க் கூரையில் பத்தில் ஒரு பங்கு அளவுக்கு ஒளி ஊடுருவும் ஃபைபர் தகடு பதித்தால் பகலில் பெரும்பாலும் விளக்கே தேவைப்படாது. பட்டறைகளுக்கு வடக்குச் சன்னலே சிறந்தது, வெயில் நேராக வராது என்று மேல்நாட்டு நூல்கள் கூறும். அது நமக்கு அப்படியே பொருந்தாது. சிதம்பரம் வடக்கே சுமார் 11.4 பாகையில் உள்ளது. ஏப்ரல் 20-ஐ ஒட்டிச் சூரியன் நேர் உச்சிக்கு வந்து, பிறகு ஆகஸ்ட் 22 வரை நண்பகலில் வடக்கே சாய்ந்திருக்கும். ஆகவே வடக்குச் சன்னலுக்கும் இரண்டு, மூன்றடி தாழ்வாரம் இறக்க வேண்டும்.

வாங்கும்போதும் மாட்டும்போதும்

பழைய 40 வாட் டியூப் லைட் சோக்குடன் சேர்த்துச் சுமார் 52 வாட் எடுக்கும். 20 வாட் எல்.இ.டி. குழலாக மாற்றினால் நாளைக்கு எட்டு மணி நேரம், ஆண்டுக்கு 300 நாள் என்ற கணக்கில் ஒரு விளக்கிற்கு 77 யூனிட் மிச்சம். பழைய சட்டத்திலேயே மாட்டுவதானால் உற்பத்தியாளர் குறிப்பின்படி சோக், ஸ்டார்ட்டர் இணைப்பை எலக்ட்ரீஷியன் மாற்றித் தர வேண்டும். வாட்டைப் பார்க்காமல் லூமெனைப் பார்த்து வாங்க வேண்டும். பி.ஐ.எஸ். பதிவு எண், நட்சத்திரக் குறி, தாங்கும் மின்னழுத்த வரம்பு ஆகியவை பெட்டியில் இருக்கின்றனவா என்பதையும் கவனிக்க வேண்டும். மாலை வேளைகளில் மின்னழுத்தம் இறங்கும் கிராமங்களுக்கு இந்த வரம்பு முக்கியம்.

தவிடும் உமித்தூசியும் பறக்கும் ஆலைக்கும், கொட்டையின் எண்ணெய்ப் புகை படியும் வறுவல் கொட்டகைக்கும் 'ஐ.பி. 65' என்று குறித்த மூடிய விளக்கே ஏற்றது. இதில் 6 என்பது தூசி புகாமையையும் 5 என்பது நீர் பீய்ச்சினாலும் தாங்குவதையும் குறிக்கும். கடலூர் முதுநகர் போன்ற கடலோரப் பகுதிகளில் உப்புக்காற்று இரும்புச் சட்டத்தை விரைவில் அரித்துவிடும். அங்கே பிளாஸ்டிக் உடல் கொண்டதே நீடிக்கும். உணவுப்பொருளுக்கு மேல் மறைப்பில்லாத கண்ணாடி விளக்குகளை மாட்டக்கூடாது. உடைந்தால் அந்த மேடையில் உள்ள பருப்பு முழுவதையும் கொட்டிவிட வேண்டியதுதான். பழைய டியூப் லைட்டில் பாதரசமும் உண்டு.

சம்பாப் பருவத்தில் வயல்களை ஒட்டிய ஆலைகளில் பச்சைத் தத்துப்பூச்சிகள் விளக்கைத் தேடிக் கூட்டமாக வந்து அரிசியில் விழும். எல்.இ.டி. ஒளியில் புற ஊதாக் கதிர் மிகக் குறைவு என்பதால் டியூப் லைட், பாதரச விளக்குகளைவிடப் பூச்சி வரத்து குறையும். வாசலில் மஞ்சள் நிற விளக்கைப் போட்டால் இன்னும் நல்லது.

பம்புசெட்டுக்கு வழங்கப்பட்ட இலவச இணைப்பிலிருந்து கொட்டகைக்கு ஒயர் இழுப்பது விதிமீறல். அபராதம் விதிக்கப்படும். தனி இணைப்பு பெற்று, முறையான எர்த்தும், 30 மில்லி ஆம்பியர் மின்கசிவுத் துண்டிப்பானும் வைக்க வேண்டும்.

2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் இம்மாவட்டத்தின் முந்திரி, பலா மரங்களோடு மின்கம்பங்களையும் சாய்த்தது. பல கிராமங்கள் பல நாட்கள் இருளில் இருந்தன. புயல் இல்லாத நாளிலும் மின்தடை திடீரென வரும். மின்சாரம் நின்றாலும் கனமான சக்கரம் உடனே நின்றுவிடாமல் சிறிது நேரம் சுற்றிக்கொண்டே இருக்கும். இருட்டில் வழி தேடி நடப்பவருக்கு அது தெரியாது. இயந்திரத்தின் அருகில் ஒன்றும் வாசலருகே ஒன்றுமாக, மின்தடையில் தானே எரியும் பாட்டரி விளக்குகள் இரண்டு மாட்டி, மாதத்திற்கு ஒரு முறை மெயின் சுவிட்சை அணைத்து அவை எரிகின்றனவா என்று சோதித்துவர வேண்டும்.