மஃரிபுக்குப் பிறகு

22 வயதில் நான் நோன்பு திறந்தது ஈத்தம்பழத்தில். மனம் திறந்தது சிகரட்டில்தான். பகலில் 13 மணித்தியாலம் பொறுத்த எனக்கு, மஃரிபுக்குப் பிறகு 10 நிமிடம் பொறுக்க முடியவில்லை. ஈமான் குறைவு என்று என்னையே ஏசிக்கொண்டேன்.

விளங்கப்படுத்தியவர் ஒரு டொக்டர். புகையிலுள்ள நிக்கொட்டின் சில விநாடிகளில் மூளையை அடைந்து டோபமைனைச் சுரக்க வைக்கிறது. சுமார் 2 மணித்தியாலத்தில் இரத்தத்தில் அது பாதியாகிவிட, மூளை மறுபடி கேட்கிறது. ஆனால், கிடைக்காது என்று மனம் முடிவெடுத்த நேரத்தில் ஆசை அடங்கியிருக்கும். கிடைக்கும் நேரம் நெருங்கவே எழும்பும்.

"பகல்ல விட்டுட்டீங்கதானே தம்பி, இனி ராவுதான் பாக்கி. முதல் 3 நாள்தான் பெரிய கஷ்டம். சில வாரத்துல எரிச்சல், தூக்கமின்மை எல்லாம் குறையும். தனியா மட்டும் இருக்க வேணாம்" என்றார்.

ஒளித்து வைத்திருந்ததை நானாவிடம் சொன்னேன். அவர் ஏசவில்லை. நோன்பு திறந்ததிலிருந்து தராவீஹ் முடிந்து வீடு வரும்வரை கூடவே இருந்தார். பெருநாளைக்குப் பிறகு இரண்டு தரம் சறுக்கினேன்; இரண்டையும் அவரிடம்தான் சொன்னேன்.

புகைப்பது கூடாது என்று பிள்ளைகளுக்குச் சொல்கிறோம். "விட ஏலாட்டி என்னிடம் வா" என்பதையும் சேர்த்துச் சொல்வோம்.