மூடிப்போகும் வேலைக்கு யார் பொறுப்பு?

தளம் போடும் நாள் என்றால் கட்டுகிற வீட்டில் அது பாதித் திருவிழா. முந்தின நாளே ஜல்லியும் மணலும் வந்து குவிந்திருக்கும். மெஷினுக்குச் சூடம் காட்டி, எலுமிச்சம்பழம் நசுக்கி, ஏழு மணிக்குள் முதல் கலவை மேலே போய்விடும். மதியம் எல்லோருக்கும் பிரியாணி. மாலையில் கான்கிரீட்டை மட்டப்பலகையால் இழுத்து முடித்ததும் வீட்டுக்காரர் கைபேசியில் படம் எடுத்து உறவினர்களுக்கெல்லாம் அனுப்புவார். படத்தில் தெரிவது வழுவழுப்பான ஒரு சாம்பல் பரப்பு. வீட்டின் ஆயுளைத் தாங்கப்போகிற கம்பி, அதன் அடியில் வைத்த கவர் பிளாக், மின்சார ஒயருக்கான குழாய் எல்லாம் அதற்குள் புதைந்துவிட்டன. இனி அவற்றை யாரும் பார்க்க முடியாது.

அவற்றைக் கடைசியாகப் பார்த்தவர் யார்? வீடு கட்டுகிறவர்கள் கேட்க மறக்கிற கேள்வி இதுதான். கம்பி கட்டியவர் கூலி வாங்கிக்கொண்டு அடுத்த சைட்டுக்குப் போய்விட்டார். சென்ட்ரிங் ஆள் பலகையைப் பிரிக்க வேண்டிய நாளில்தான் வருவார். வரைபடம் போட்ட இன்ஜினியர் வேறு ஊரில் இருக்கலாம். இத்தனை பேர் கைபட்டு நடக்கும் வேலையில், ‘நான் பார்த்தேன், சரியாக இருந்தது, தவறு என்றால் என்னைக் கேளுங்கள்’ என்று சொல்ல ஒருவர் வேண்டும். அவர்தான் காண்ட்ராக்டர். ஆள் கூட்டி வருவதும் சிமெண்ட் இறக்குவதும் அந்தப் பொறுப்பில் ஒரு பகுதிதான்.

ஒரு பால்கனியை எடுத்துக்கொள்வோம். சுவரிலிருந்து நான்கடி வெளியே நீண்டு நிற்கும் தளம். அடியில் தூண் கிடையாது. அறைக்குள் இருக்கும் தளம் நடுவில் கீழ்நோக்கி வளையப் பார்க்கும்; அதனால் அங்கே முக்கியக் கம்பி அடிப்பக்கம் ஓடும். பால்கனியில் நிலைமை தலைகீழ். அது முனையில் தொங்கப் பார்க்கும், இழுவிசை மேல்பக்கம் வரும், முக்கியக் கம்பியும் மேலேதான் இருந்தாக வேண்டும். கம்பி கட்டுகிறவருக்கு இது தெரியும். சரியாகவே கட்டிவிட்டுப் போவார். மறுநாள் கான்கிரீட் சட்டியோடு பத்துப் பேர் அதன்மேல் நடப்பார்கள். மேல் கம்பி மிதிபட்டு மிதிபட்டு அடிக் கம்பியோடு ஒட்டிக்கொள்ளும். ஐந்து அங்குலத் தளத்தில் இரண்டு, மூன்று அங்குலம் இறங்கினால் அந்தக் கம்பிக்கு வேலையே இல்லாமல் போய்விடும். கான்கிரீட் போட்ட பிறகு வெளியிலிருந்து பார்த்தால் கம்பி மேலேயே நின்ற பால்கனியும் கம்பி இறங்கிய பால்கனியும் ஒன்றுபோலவே இருக்கும். ஒன்று ஐம்பது வருடம் நிற்கும். இன்னொன்று ஒரு மழைக்காலத்தில், நான்கு பேர் நிற்கும்போது இறங்கும்.

நல்ல காண்ட்ராக்டர் இருக்கும் சைட்டில் மேல் கம்பிக்கு அடியில் நாற்காலிபோல வளைத்த துண்டுக் கம்பிகள் முட்டுக் கொடுத்து நிற்கும். கம்பியில் கால் படாமல் நடக்கப் பலகைப் பாதை போட்டிருக்கும். இதற்கு ஆகும் செலவு சொற்பம். ஆனால் அந்த இடத்தில் நின்று, ‘கம்பி மேல மிதிக்காதே, பலகையில நட’ என்று நாள் முழுக்கச் சொல்ல ஓர் ஆள் வேண்டும்.

கம்பிக்குப் பிறகு தண்ணீர். காலை பதினொரு மணி வெயிலில் மேலேயிருந்து குரல் வரும்: “அண்ணே, கலவை கெட்டியா இருக்கு, இழுக்க முடியல. கொஞ்சம் தண்ணி விடச் சொல்லுங்க.” இளகிய கலவை வேலைக்காரருக்குச் சுலபம். தானாக ஓடிப் பரவும், சீக்கிரம் முடியும். வீடுகளில் பரவலாகப் போடப்படும் எம்-20 தரக் கான்கிரீட்டைக் கைக்கணக்கில் கலக்கும்போது, 50 கிலோ மூட்டைக்கு அதிகபட்சம் 30 லிட்டர் தண்ணீர் என்கிறது இந்தியத் தர நிர்ணயமான ஐ.எஸ். 456. மணல் ஈரமாக இருந்தால் அந்த ஈரத்தையும் இதில் கழித்துக்கொள்ள வேண்டும். ஆயிரம் சதுர அடியில் ஐந்து அங்குலத் தளம் போட ஏறத்தாழ 95 மூட்டை சிமெண்ட் ஆகும். மூட்டைக்குப் பத்து லிட்டர் கூடுதலாக விட்டால், மொட்டைமாடியில் வைக்கும் ஆயிரம் லிட்டர் தொட்டி நிறையும் அளவுத் தண்ணீர் தளத்துக்குள் போகிறது. அது காய்ந்து வெளியேறும்போது விட்டுச்செல்லும் நுண்துளைகள் வழியாகத்தான் பின்னாளில் மழைநீர் உள்ளே வரும், கம்பி துருப்பிடிக்கும், படுக்கையறைக் கூரையிலிருந்து சிமெண்ட் பட்டை பட்டையாக உதிரும். அந்தப் பதினொரு மணிக்குக் கீழேயிருந்து, “தண்ணி வேணாம். வைப்ரேட்டரை எடுத்துப் போடுங்க” என்று பதில் வர வேண்டும். தயார்க் கலவை லாரியில் வந்தாலும் கதை இதேதான். லாரியோடு வரும் ஓட்டுநரைத் தண்ணீர்க் குழாயைத் திறக்கவிடாமல் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும்.

உலகப் புகழ்பெற்ற வீடுகளும் இந்த விதிக்கு வெளியே இல்லை. அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில், ஓர் அருவிக்கு மேலேயே கட்டப்பட்ட ‘ஃபாலிங்வாட்டர்’ வீட்டைக் கட்டடக்கலை மாணவர்கள் எல்லோருக்கும் தெரியும். பிட்ஸ்பர்க் நகரில் பல்பொருள் அங்காடி நடத்திய எட்கர் கஃப்மனுக்காக 1935-ல் ஃபிராங்க் லாயிட் ரைட் வடிவமைத்தது. அதன் அழகே அருவியின் மேல் அந்தரத்தில் நீளும் கான்கிரீட் மேடைகள்தான். நம் பால்கனியின் மிகப் பெரிய உருவம் என்று வைத்துக்கொள்ளலாம். கட்டும் பொறுப்பு வால்டர் ஹால் என்ற காண்ட்ராக்டருடையது. ரைட் சொன்ன கம்பி போதாது என்று கஃப்மன் அமர்த்திய பொறியாளர்கள் எச்சரித்தார்கள். ரைட் கொதித்துப்போனார். ஆனாலும் முதல் தள மேடையில் கம்பி சத்தமில்லாமல் இரட்டிப்பாக்கப்பட்டது. அந்தக் கூடுதல் கம்பி இல்லாதிருந்தால் வீடு நின்றிருக்காது என்பது பின்னாளில் அதை ஆராய்ந்த பொறியாளர்களின் முடிவு.

கதையின் மறுபாதியையும் சொல்ல வேண்டும். அந்தரத்தில் நீளும் கான்கிரீட் சென்ட்ரிங்கைப் பிரித்ததும் சற்றுத் தொய்யும். அதை முன்கூட்டியே கணக்கிட்டு முனையைக் கொஞ்சம் உயர்த்தித்தான் சென்ட்ரிங் அடிக்க வேண்டும். அங்கே அப்படி அடிக்கவில்லை. பலகையைப் பிரித்த உடனேயே மேடை தொய்ந்தது. தொடர்ந்து பல பத்தாண்டுகள் தொய்ந்துகொண்டே வந்தது. கடைசியில் 2002-ல் மேடைக்குள் இரும்பு வடங்களைச் செலுத்தி இறுக்கிக் கட்டித்தான் அதை நிறுத்த முடிந்தது. 2019-ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்த ஒரு வீட்டைக் காப்பாற்றியதும் களத்தில் எடுத்த முடிவு. அறுபது வருடத்துக்கு மேல் தொல்லை கொடுத்ததும் களத்தில் விட்டுப்போன ஒரு வேலை.

‘காண்ட்ராக்டரே வேண்டாம், பொருளை நானே வாங்கிக் கூலிக்கு மட்டும் ஆள் விட்டுக்கொள்கிறேன்’ என்று இறங்குகிறவர்கள் நம் ஊரில் நிறைய. தப்பில்லை. ஆனால் அப்போது காண்ட்ராக்டர் வேலை வீட்டுக்காரர் தலையில் வந்து உட்கார்ந்துவிடுகிறது என்பதை உணர வேண்டும். திருவனந்தபுரத்தில் வாழ்ந்த கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் தன் கட்டடங்களை வழக்கமான காண்ட்ராக்டர் முறைக்கு வெளியேதான் கட்டினார். அதற்காக அவரே சைட்டில் கொத்தனார்களோடு நின்றார், அங்கேயே வரைந்து காட்டினார், செங்கல் வரிசையைத் தன் கண்ணால் பார்த்தார். அவ்வளவு நேரமும் அறிவும் கொடுக்க முடிந்தால் நாமும் செய்யலாம். அலுவலகத்துக்குப் போய்க்கொண்டே, ஞாயிற்றுக்கிழமை மட்டும் எட்டிப்பார்த்துக்கொண்டே அது நடக்காது.

ஏனென்றால் வீட்டு வேலையில் பாதிக் கோளாறு ஓர் ஆளின் வேலைக்கும் அடுத்தவர் வேலைக்கும் நடுவில்தான் பிறக்கிறது. எலக்ட்ரீஷியன் தளம் போடும் முன் குழாய் பதிக்க வராவிட்டால், பூச்சு வேலை முடிந்த சுவரைக் காடி வெட்டுவார்கள். பிளம்பர் தளத்தில் துளைக்கு இடம் விடச் சொல்லாவிட்டால், பிறகு பீமையே குடைவார்கள். கழிவறைத் தளத்தைச் சில அங்குலம் தாழ்த்திப் போடும் ‘சங்கன்’ பகுதியில் நீர்க்கசிவுத் தடுப்புப் பூசி, இரண்டு நாள் தண்ணீர் தேக்கிப் பார்த்த பிறகே டைல்ஸ் ஆள் உள்ளே வர வேண்டும். அவர் அவசரப்பட்டு முன்னால் வந்துவிட்டால், ஒரு வருடம் கழித்துக் கீழ்வீட்டு வரவேற்பறையில் மஞ்சள் கறை படரும். இவர்களில் எவரும் மோசமான வேலைக்காரர் இல்லை. யாருக்குப் பின் யார் என்று வரிசை சொல்ல ஆள் இல்லாததுதான் குறை.

காத்திருக்கச் சொல்வதும் காண்ட்ராக்டர் வேலைதான். தளத்துக்குத் தண்ணீர் கட்டுவது சாதாரண சிமெண்டுக்குக் குறைந்தது 7 நாள். இன்று கடைகளில் பெரும்பாலும் கிடைக்கும் பி.பி.சி. போன்ற கலப்பு சிமெண்டுக்கும், நம் ஊர் வெயிலுக்கும் குறைந்தது 10 நாள். நாலரை மீட்டருக்கு மேல் அகலமான தளத்துக்கு முட்டு 14 நாள் நிற்க வேண்டும். ஆறு மீட்டருக்கு மேற்பட்ட பீமுக்கு 21 நாள். சென்ட்ரிங் பலகைக்கு நாள் வாடகை ஓடுகிறது, அடுத்த சைட்டில் கேட்கிறார்கள், கிரகப்பிரவேசத்துக்கு முகூர்த்தம் குறித்தாகிவிட்டது. இத்தனை நெருக்கடியிலும், ‘இன்னும் நாலு நாள் போகட்டும் சார்’ என்று சொல்கிறவரை வீட்டுக்காரர் சோம்பேறி என்று நினைத்துவிடக் கூடாது.

இவ்வளவு பொறுப்பையும் நாம் எப்படி விலை பேசுகிறோம்? ‘சதுர அடிக்கு என்ன ரேட்?’ ஒரே கேள்வி. நான்கு பேரிடம் கேட்டு, குறைவாகச் சொன்னவருக்குக் கொடுத்துவிடுகிறோம். குறைவான ரேட்டில் சம்ப், செப்டிக் டேங்க், காம்பவுண்ட் சுவர், மாடிக் கைப்பிடிச் சுவர் எல்லாம் சேருமா என்று பேசியிருக்க மாட்டோம். பாதி வேலையில் அவை ‘எக்ஸ்ட்ரா’ என்று வரும்போது சண்டை தொடங்கும். அதைவிடப் பெரிய ஆபத்து, கட்டுப்படியாகாத ரேட்டுக்கு ஒப்புக்கொண்டவர் மிச்சம் பிடிக்க எங்கே கைவைப்பார் என்பது. டைல்ஸிலும் பெயிண்டிலும் கைவைத்தால் கண்ணில் பட்டுவிடும். மூடிப்போகும் இடம்தான் வசதி.

சட்டம் இதில் எந்த அளவுக்குத் துணை நிற்கும் என்பதும் தெரிந்திருக்க வேண்டும். ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டத்தில் பதிவான அடுக்ககத்தில் வீடு வாங்கியவருக்கு, கட்டுமானக் குறை 5 ஆண்டுக்குள் தெரிந்தால் கட்டியவர் தன் செலவில் சரிசெய்ய வேண்டும் என்ற பாதுகாப்பு உண்டு. சொந்த மனையில் தனக்கென ஒரு வீடு கட்டுகிறவருக்கு அந்தச் சட்டம் பொருந்தாது. 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் வீட்டுக் கட்டுமானத்தையும் சேவை என்றே சொல்கிறது. நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். ஆனால் அங்கே போய் நிற்கும்போது கையில் எழுத்து வேண்டும். ஒரு வெள்ளைத்தாளில் ‘மொத்தம் இவ்வளவு, அட்வான்ஸ் இவ்வளவு’ என்று இரண்டு வரி மட்டும் இருந்தால் எதை வைத்து வாதாடுவது?

தமிழ்நாட்டில் 2024 ஜூலை முதல், 2,500 சதுர அடி வரையிலான மனையில் 3,500 சதுர அடி வரை வீடு கட்டுகிறவர்கள் சுயசான்று அடிப்படையில் இணையவழியில் உடனடி அனுமதி பெறலாம். அலைச்சல் குறைந்தது மகிழ்ச்சியே. கூடவே, வீடு சரியாக எழுகிறதா என்று பார்க்கும் கடமை முன்னைவிட அதிகமாக வீட்டுக்காரர் பக்கமும் அவர் அமர்த்தும் ஆட்கள் பக்கமும் வந்திருக்கிறது.

ஆகவே ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் முன் சில வரிகளைச் சேர்க்கச் சொல்லுங்கள். கம்பி கட்டி முடித்ததும் பொறியாளர் வந்து பார்த்துக் கையெழுத்திடாமல் கான்கிரீட் போடக் கூடாது. மூடும் முன் ஒவ்வொரு தளத்தையும், பீமையும், கழிவறைக் குழாயையும் டேப்பை வைத்து அளவு தெரியும்படி படம் எடுத்துத் தர வேண்டும். தளம் போடும் நாளில் கலவையிலிருந்து கனசதுர மாதிரிகள் எடுத்து 28 நாள் கழித்து ஆய்வுக்கூடத்தில் நசுக்கிப் பார்க்க வேண்டும். கடைசித் தவணையில் ஒரு பகுதியை ஒரு மழைக்காலம் முடிந்த பிறகுதான் தர வேண்டும். பிறகு, காண்ட்ராக்டர் முன்பு கட்டிய, குறைந்தது ஐந்து வருடம் ஆன ஒரு வீட்டைக் காட்டச் சொல்லி, கழிவறைக்குக் கீழே உள்ள அறையின் கூரையை அண்ணாந்து பாருங்கள்.

இத்தனைக்கும் தயங்காமல் ஒப்புக்கொள்கிற காண்ட்ராக்டர் மற்றவரைவிடச் சதுர அடிக்கு ஐம்பது ரூபாய் கூட்டிக் கேட்கலாம். 1,200 சதுர அடி வீட்டுக்கு அது 60,000 ரூபாய். பேரம் பேசாமல் கொடுத்துவிடுங்கள்.