உலோகத்தின் நுண்மணிகளும் பழைய உருக்கும்

கற்பிட்டித் தீவுகளுள் ஒன்றாகிய உச்சமுனையில் வாழ்வோர்க்குத் தென்மேற்குப் பருவக்காற்றின் வலிமையை எவரும் எடுத்துரைக்க வேண்டுவதில்லை. அக்காற்றையே துருத்தியாகக் கொண்டு ஈழத்தில் முன்னாளில் இரும்பு உருக்கினர் என்பதோ பலர் அறியாத செய்தி. பலாங்கொடைக்கு அணித்தான சமனலவெவப் பகுதியில், மேற்கு நோக்கிய மலைச்சரிவுகளில் அமைந்த உலைகளைக் கில் ஜூலெஃப் என்னும் தொல்லியலார் ஆராய்ந்தார். 1994இல் அத்தகைய உலையொன்றை அமைத்து இயக்கியும் பார்த்தார். காற்று ஒன்றே போதியதாயிற்று. காபன் மிகுந்த உருக்கும் கிடைத்தது. ஒன்பதாம் நூற்றாண்டில் வாள்களைப் பற்றி எழுதிய அல்-கிந்தி, சரந்தீபின் உருக்கை ஏன் தனியே குறித்தார் என்பது இதனால் ஓரளவு விளங்கும்.

இனி, உலோகத்தின் உள்ளமைப்பை நோக்குவோம். மெருகிட்ட உலோகத் துண்டை அமிலத்தாற் சிறிது அரித்து நுணுக்குக்காட்டியிற் பார்த்தால், அது எண்ணிறந்த மணிகளின் தொகுதி என்பது புலனாகும். ஒவ்வொரு மணியினுள்ளும் அணுக்கள் ஒழுங்காக அடுக்கப்பட்டுள்ளன. அடுத்த மணியில் அவ்வடுக்கின் திசை வேறு. உலோகம் வளையும்போது, இடப்பெயர்வு எனப்படும் அடுக்குக் குறைகள் மணியினூடே நகர்கின்றன. மணியின் எல்லையை எய்தியதும் அவை தடைப்படும். ஆகவே மணி சிறுத்தால் எல்லைகள் மலியும், உலோகமும் வலுக்கும். ஹால் 1951இலும் பெட்ச் 1953இலும் வெளியிட்ட விதியின்படி, மணியின் விட்டம் நூறில் ஒரு பங்காகக் குறையின், மணியெல்லைகளால் விளையும் வலிமை பத்து மடங்காகும்.

மணியைச் சிறுக்கச் செய்வது எங்ஙனம்? செப்புக்குடம் அடிக்கும் கன்னார் இதன் முதற்பாடத்தை அறிவர்: அடிக்க அடிக்கச் செம்பு இறுகும், தீயிற் காய்ச்சினால் மீண்டும் இளகும். அடிபட்ட உலோகத்துள் இடப்பெயர்வுகள் பெருகிச் சுவர்போற் கூடி, மணியைச் சிற்றறைகளாகப் பிரிக்கின்றன. உருவிகாரம் மேன்மேலும் மிகுந்தால் அச்சுவர்களே புதிய மணியெல்லைகளாக முதிரும். ஆனால் அடிக்குந்தோறும் தகடு மெலிகின்றது. போதிய உருவிகாரம் ஏறுமுன்னரே உலோகம் தீர்ந்துபோகும்.

இவ்விடர்ப்பாட்டைக் கடக்கும் வழியை 1970களில் மின்ஸ்க் நகரில் செகால் கண்டார். செங்கோணமாக மடங்கிய ஒரே அகலமுள்ள குழாய்வழியில் உலோகக் கட்டையை அழுத்திச் செலுத்தினார். மூலையிற் கடுமையாக நறுக்குண்டும் கட்டையின் குறுக்களவு மாறுவதில்லை. ஆதலின் எத்தனை முறையும் செலுத்தலாம். ஜப்பானில் சைட்டோ குழுவினர் 1998இல் வெளியிட்ட முறை இன்னும் எளிது: தகட்டை உருளைகளிடையே பாதித் தடிப்பாக்கி, இரண்டாக வெட்டி, ஒன்றன்மேலொன்று அடுக்கி மீண்டும் உருட்டுவர். பத்துச் சுற்றில் 1024 படைகள் உண்டாகும்; 1 மில்லிமீட்டர்த் தகடாயின் ஒவ்வொரு படையும் 1 மைக்குரோனுக்குங் குறைவு! மாணவர் இதனைக் காகிதத்திற் கணக்கிட்டுப் பார்ப்பாராக.

பழைய உருக்கு இத்துறையுடன் கூடியதும் இங்கேதான். ஸ்டான்போர்டில் ஷெர்பியும் வாட்ஸ்வொர்த்தும் காபன் மிகுந்த உருக்கை வெப்பநிலையிற் பலகால் உருட்டி, ஏறத்தாழ 1 மைக்குரோன் மணிகளைப் பெற்றனர். அவ்வுருக்கு உரிய வெப்பத்தில் மெழுகுபோல் நீண்டது. அதன் இயைபு தமாஸ்கஸ் வாள்களின் இயைபை ஒத்திருந்தமையை அவர்கள் பின்னரே உணர்ந்தனர். அவ்வாள்களுக்கு இந்தியாவிலிருந்தும் ஈழத்திலிருந்தும் உருக்குச் சென்றது.

இதனைக் கேட்டவுடன், நம் முன்னோர் நுண்மணியியல் அறிந்திருந்தனர் என முழங்குவோர் உளர். அது பொருந்தாது. வாள்மேற் காணும் அலைக்கோலம், வனேடியம் போன்ற மாசுகள் படைபடையாகச் சேர்வதால் விளைவதென வெர்ஹோவனும் வாள்வினைஞர் பெண்ட்ரேயும் செய்து காட்டினர். கொல்லர் பட்டறிவாற் கண்டது பெரிது. அதற்கு நாம் வேறு பெயர் சூட்ட வேண்டுவதில்லை.

புதிய முறைக்கும் குறைகள் உண்டு. வெப்பம் ஏறினால் நுண்மணிகள் மீண்டும் பருக்கும். வலிமை ஏறுமளவிற்கு நீட்சி குன்றுவதும் இயல்பு. பெருங்கட்டைகளைக் குழாய்வழியிற் செலுத்துதல் அரிது. ஆதலின் இது பாலங்கட்டும் தொழிலுக்கு இன்னும் எட்டவில்லை. பற்களுக்கு வேராகத் தாடையிற் பதிக்கும் தைத்தானிய ஆணிகளுக்கோ ஏற்றதாயிற்று. வனேடியம் முதலியவற்றைக் கலவாமலே தூய தைத்தானியம் அங்கு வேண்டும் வலிமையைப் பெறுகின்றது.